எகிப்தின் தொலைக்காட்சி நையாண்டிக் கலைஞர் பாசிம் யூசுப் புகழின் உச்சத்தில் இருந்தபோதே தன் நிகழ்ச்சியை ஏன் நிறுத்தினார்?

சுருக்கமாகச் சொன்னால், அரசியல் நெருக்கடிதான் காரணம். ஆனால் அந்த மனிதர் கடந்து வந்த பாதையைத் தெரிந்துகொண்டால்தான் இழப்பின் கனம் புரியும்.

அவர் இதய அறுவை மருத்துவர். அதிபர் முபாரக்கின் ஆட்சிக்கு எதிரான 2011 புரட்சியின்போது கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். அரசுத் தொலைக்காட்சியோ போராட்டக்காரர்களைத் தூற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பொய்களை நையாண்டி செய்து, தன் வீட்டில் துணி துவைக்கும் அறையிலேயே ஒரு மேசையைப் போட்டுப் படம்பிடித்து யூடியூபில் வெளியிட்டார். பார்வைகள் குவிந்தன, தொலைக்காட்சி அவரைத் தேடி வந்தது. 'அல் பர்னாமெக்' (பொருள்: 'நிகழ்ச்சி') பிறந்தது.

2013 மார்ச்சில், அதிபர் முர்சியையும் இஸ்லாத்தையும் அவமதித்ததாக அவர்மீது பிடியாணை. விசாரணைக்குப் போகும்போது, முர்சி அணிந்த தொப்பியைக் கேலி செய்யத் தன் நிகழ்ச்சியில் பயன்படுத்திய அதே பெரிய தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். 15,000 எகிப்திய பவுண்டு பிணையில் வெளியே வந்தார். எனக்கு மறக்கவே முடியாத காட்சி அது.

ஜூலையில் ராணுவம் முர்சியை நீக்கியது. இடைவெளிக்குப் பின் அக்டோபரில் நிகழ்ச்சி திரும்பியது. இம்முறை ராணுவத் தளபதி சிசியைச் சுற்றி எழுந்த வழிபாட்டைத் தொட்டார். ஒரே ஒரு பகுதிதான் ஒளிபரப்பானது. அடுத்ததை, நிகழ்ச்சியை ஒளிபரப்பிவந்த சிபிசி தொலைக்காட்சி நிறுவனம் நிறுத்திவிட்டது. வேறொரு அலைவரிசைக்கு மாறியும் நீடிக்க முடியவில்லை. 2014 ஜூனில், தன் பாதுகாப்பையும் குடும்பத்தின் பாதுகாப்பையும் எண்ணி முடித்துக்கொள்வதாக அறிவித்தார். அதே ஆண்டில் நாட்டையும் விட்டு வெளியேறினார்.