கைக்காசு போட்டு ஹார்மோன் டெஸ்ட்: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். 5.8 என்று வந்திருக்கிறது, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'ஹெச்' (ஹை, அதாவது அதிகம்). முழு தைராய்டு பேக்கேஜும் எடுத்துவிடச் சொல்கிறார்கள் லேபில். எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி காப்பீடு இல்லை. எடுத்துவிடட்டுமா?

வேண்டாம், பொறுங்கள். டி.எஸ்.ஹெச். ஒரே நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். இரவில் கூடும், மதியத்தில் குறையும். பெரிய காய்ச்சல் வந்து தேறும்போதும் சில வாரங்கள் உயர்ந்திருக்கும். இந்த அளவு உயர்வு பலருக்குத் தானாகவே சரியாகிவிடுவதைப் பார்க்கிறேன். 2, 3 மாதம் கழித்து, அதே லேபில், அதே நேரத்தில் டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) இரண்டை மட்டும் பாருங்கள். டி.எஸ்.ஹெச். மறுபடியும் கூடுதலாக இருந்தால் டி.பி.ஓ. ஆன்டிபாடி (உடம்பே தன் தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் டெஸ்ட்) பாருங்கள். அது பாசிட்டிவ் என்று ஒருமுறை தெரிந்தால் போதும், வருடாவருடம் காசு கொட்ட வேண்டியதில்லை. பேக்கேஜில் இருக்கும் ரிவர்ஸ் டி3 உங்கள் கேள்விக்கு எந்தப் பதிலும் சொல்லாது.

ஃப்ரீ டி4 சரியாக இருந்து, டி.எஸ்.ஹெச். 10-க்குள் இருந்தால் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்தாலோ மட்டும் இந்தப் பொறுமை கூடாது. உடனே டாக்டரைப் பாருங்கள்.

அந்தச் சிவப்பு எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரோக்கியமான 100 பேரில் 95 பேரின் அளவு அடங்கும்படிதான் 'நார்மல்' எல்லை பொதுவாக வகுக்கப்படுகிறது. ஆக, ஒரு குறையும் இல்லாதவர் 20 டெஸ்ட் எடுத்தாலும் ஒன்றிரண்டு சிவப்பாக வந்து தொலைக்கும். அதைத் துரத்திக்கொண்டு போனால்தான் செலவு எகிறுகிறது.

டி.எஸ்.ஹெச். மிகக் குறைவு, டி4 அதிகம். தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்கிறார்கள். ஆனால் படபடப்பு இல்லை, எடையும் குறையவில்லை. முடி கொட்டுவதற்கு ஒரு மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன்.

அந்த மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கிறதா? ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம்தான். சில லேப் கருவிகள் பயோட்டினைப் பிடிக்கும் ஒரு புரதத்தை வைத்துத்தான் ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் கருவி ஏமாந்துபோய், டி.எஸ்.ஹெச்.-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். பார்க்க அச்சு அசலாக உங்கள் ரிப்போர்ட் மாதிரியே இருக்கும். மாத்திரையை 3 நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். ஸ்கேனுக்குச் செலவழிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

வயது 34. மாலையில் வேலை முடிந்து போய் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) 240, குறைவாம். ஊசி போட வேண்டுமா? இன்னொரு லேப் 10.4 என்கிறது!

டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாளில் பார்த்தால்தான் கணக்கு. மாலை ரிப்போர்ட்டை வைத்து யாராவது ஊசி எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். 10.4 என்பது லிட்டருக்கு நானோமோல் கணக்கு. 28.8-ஆல் பெருக்கினால் டெசிலிட்டருக்குச் சுமார் 300 நானோகிராம். எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்.

கருமுட்டை வெளியாகிறதா என்று பார்க்க 21-ஆம் நாள் புரொஜெஸ்டிரோன் எடுத்தேன், மிகக் குறைவு. எனக்கு மாதவிலக்கு 35 நாளுக்கு ஒருமுறைதான் வரும்.

21 என்பது 28 நாள் சுழற்சிக்காரர்களின் கணக்கு. அடுத்த மாதவிலக்குக்கு 7 நாள் முன்பு பார்க்க வேண்டும், உங்களுக்கு அது 28-ஆம் நாள். மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமைத் தாண்டினால் பொதுவாக முட்டை வெளியாகியிருக்கிறது என்று அர்த்தம்.

வயது 48. மாதவிலக்கு தள்ளித்தள்ளி வருகிறது, உடம்பு குப்பென்று சூடாகிறது. கருமுட்டையை வளரத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். பார்க்கவா?

தேவையில்லை. இந்த வயதில் அறிகுறிகளே போதும். எஃப்.எஸ்.ஹெச். இந்த மாதம் ஏறும், அடுத்த மாதம் இறங்கும்.

பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் 38, அதிகமாம். மூளை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.

ஊசியைக் கண்ட பயம், சற்றுமுன் செய்த கடும் உடற்பயிற்சி, வாந்திக்குச் சாப்பிட்ட டோம்பெரிடோன், சில மனநல மாத்திரைகள், கர்ப்பம் என எதுவும் இதை ஏற்றும். டாக்டரைக் கேட்காமல் மனநல மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அரைமணி நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். அப்போதும் கூடுதல் என்றால், அதே ரத்தத்தில் 'மேக்ரோபுரோலாக்டின்' (உடம்பில் பெரிதாக வேலை செய்யாத, பெரிய வடிவப் புரோலாக்டின்) பார்க்க முடியுமா என்று லேபுக்கு போன் செய்து கேளுங்கள். பல லேப்களில் மாதிரியைச் சில நாள் வைத்திருப்பார்கள். தலைவலியோ பார்வைக் கோளாறோ இருந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் ஸ்கேனுக்குப் போய்விடுங்கள்.