மில்லிவோல்ட் சரி, டேப்புக்கு அடியில்?

கேள்வி: 30 ஆண்டுகளுக்கு முன் புதைத்த 12 அங்குல எரிவாயுக் குழாய் ஒன்றைப் பராமரிக்கிறேன். மேலே பாலிஎத்திலீன் டேப் சுற்றியிருக்கிறது. சுவர்த் தடிமன் 7.1 மி.மீ. குறுகிய வளைவுகள் இருப்பதால் உள்ளே ஆய்வுக் கருவியைச் செலுத்த முடியாது. நிலத்தின் மேலிருந்து எடுத்த மின்னழுத்த அளவுகள் எல்லா இடத்திலும், அரிப்புப் பாதுகாப்புக்கான அளவுகோலான மைனஸ் 850 மில்லிவோல்ட்டைத் தாண்டியே இருக்கின்றன. ஆனால் வேறு வேலைக்காகத் தோண்டிய இடத்தில், டேப்புக்கு அடியில் 2.4 மி.மீ. ஆழ அரிப்பு தெரிந்தது. அளவீடு தவறா? இனி எங்கே தோண்டுவது?

பதில்: முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். அந்த அளவுகள் ரெக்டிஃபயர்களை (அரிப்பைத் தடுக்கக் குழாய்க்குப் பாதுகாப்பு மின்னோட்டம் தரும் கருவிகளை) நிறுத்திய கணத்தில் எடுத்தவையா? மின்னோட்டம் ஓடும்போது எடுத்திருந்தால், மண்ணில் ஏற்படும் மின்னழுத்த இழப்பும் அதில் சேர்ந்து, குழாய் உள்ளதைவிட நல்ல நிலையில் இருப்பதாகக் காட்டும்.

நிறுத்திய கணத்தின் அளவே சரியாக இருந்தாலும் உங்கள் அரிப்புக்கு விளக்கம் உண்டு. பசை விட்டுப்போன டேப் கூடாரம்போல எழும்பி நிற்கும். அந்த இடைவெளிக்குள் நிலத்தடி நீர் புகுந்துவிடும். பாதுகாப்பு மின்னோட்டமோ பிளாஸ்டிக்கை ஊடுருவாது, திறப்பிலிருந்து சிறிது தூரம் மட்டுமே உள்ளே போகும். நிலத்தின் மேலிருந்து மின்னழுத்தத்தை அளக்கும் செப்பு சல்பேட் மின்முனைக்கு இது தெரியாது. டி.சி.வி.ஜி. ஆய்வும் (மண்ணில் மின்னழுத்தம் மாறும் விதத்தை மேலிருந்து அளப்பது) மண்ணுக்குள் மின்னோட்டம் பாயும் டேப் ஓட்டைகளைத்தான் கண்டுபிடிக்கும். இரண்டு கருவிகளை இணைத்துப் பயன்படுத்துவது நல்ல முறைதான்; ஆனால் இரண்டுக்குமே தெரியாத குறையை இணைப்பால் பிடிக்க முடியாது. நிலத்தின் மேலிருந்து செய்யும் இந்த மேலாய்வின் அறிக்கையை மட்டும் நம்பி உங்கள் குழாய்க்கு நான் கையெழுத்திட மாட்டேன்.

ஆகவே டேப் எங்கே பிரிந்திருக்கும் என்று யோசித்துத் தோண்டுங்கள்: மழையில் நனைந்து வெயிலில் வெடிக்கும் களிமண் பகுதி, தாழ்வான ஈரநிலம், கம்ப்ரசரை அடுத்து வாயு சூடாக வரும் பகுதி, களத்தில் சுற்றிய பற்றவைப்பு மூட்டுகள். சந்தேகமே இல்லாத ஓரிடத்தையும் சேர்த்துத் தோண்டுங்கள்; உங்கள் கணிப்பு சரியா என்பதற்கு அதுதான் சோதனை. தோண்டுமுன் அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள். அண்மைக்கால உச்ச அழுத்தத்தில் 80 சதவீதம் என்பது பரவலான நடைமுறை.

பள்ளத்தில் இறங்கியதும் பலர் செய்யும் தவறு, டேப்பை உரித்துக் குழாயைத் துடைப்பது. அதோடு சாட்சியம் போய்விடுகிறது. முதலில் எழும்பிய இடத்தில் சிறிய கீறல் போட்டு, உள்ளே தேங்கிய நீரை ஊசிக் குழலில் எடுத்து, அங்கேயே பி.எச். தாளில் சொட்டுங்கள். 9-க்கு மேல் காட்டி, எஃகின்மேல் வெள்ளைப் படிவும் இருந்தால், பாதுகாப்பு மின்னோட்டம் அங்கே எட்டியிருக்கிறது. 6, 7 என்று நின்றால் பெரும்பாலும் எட்டவில்லை. கறுப்புப் படிவின் மேல் நீர்த்த அமிலத்தை ஒரு துளி விடுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் அது இரும்பு சல்பைடு, நுண்ணுயிர் அரிப்பைச் சந்தேகியுங்கள். பிறகே உரித்துச் சுத்தம் செய்து, ஒவ்வொரு அரிப்புக் குழியின் ஆழம், நீளம், கடிகார முள் நிலை (குழாயின் சுற்றில் எந்தப் பக்கம் என்பது) மூன்றையும் குறியுங்கள். பற்றவைப்பு மேட்டின் ஓரமும் டேப் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பும் தவறவே கூடாத இடங்கள்.

உங்கள் 2.4 மி.மீ. என்பது சுவரில் ஏறத்தாழ 34 சதவீதம். ஆழத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. நீளத்தையும் சேர்த்து, அரித்த குழாயின் வலிமையை மதிப்பிடும் ஏ.எஸ்.எம்.இ. பி31ஜி முறையில் தாங்கும் அழுத்தத்தைக் கணக்கிட வேண்டும். அரிப்பு வேகத்தைக் கணக்கிடும்போதும் கவனம் தேவை. 30 ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு 0.08 மி.மீ. வரும். டேப் 10 ஆண்டுகளுக்கு முன்புதான் பிரிந்தது என்றால் அது 0.24 ஆகிவிடும், மூன்று மடங்கு! எப்போது பிரிந்தது என்று தெரியாத நிலையில், நேஸ் (அரிப்புப் பொறியாளர் அமைப்பு) தரநிலை பொதுவாகத் தரும் ஆண்டுக்கு 0.4 மி.மீ. வேகத்தை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. அதில் கிடைக்கும் எஞ்சிய ஆயுளில் பாதிக்குள் அடுத்த ஆய்வை முடித்துவிடுங்கள்.

தோண்டிய இரண்டு மூன்று இடங்களிலும் இதே நிலை தென்பட்டால், மேலாய்வை மறுபடி செய்து காலத்தைக் கடத்தாதீர்கள். நீர் அழுத்தச் சோதனைக்குத் திட்டமிடுங்கள். அதுவரை, திறந்திருக்கும் பள்ளத்திலிருந்தே இருபுறமும் வழிநடத்திய மீயொலி அலை ஆய்வைச் (குழாய்ச் சுவர் வழியே ஒலியலையை அனுப்பி அரிப்பைத் தேடுவது) செய்துகொள்ளலாம்.