பேர்தான் வச்சாச்சே, அப்புறம் எதுக்கு ஓட்டெடுப்பு?

கேள்வி: மேடம், என் பையனுக்கு ரெண்டரை மாசம் ஆகுது, பேர் விஷயத்துல வீடே ரெண்டா கிடக்கு. மாமனார் அவங்க அப்பா பேரு சுடலைமுத்துன்னுதான் வைக்கணும்ங்கிறார். என் வீட்டுக்காரர் பேரே சதீஷ்தான், அவருக்கு வைக்காத தாத்தா பேரை என் பிள்ளைக்கு மட்டும் ஏன்? அத்தை, ரோகிணி நட்சத்திரம், ஓ, வ, வி, வு இதுலதான் ஆரம்பிக்கணும்னு ஜோசியர் எழுதிக் குடுத்த சீட்டோட இருக்காங்க. பெங்களூர் மதினி விவான்னு வைங்க, மாடர்னா இருக்கும்னு சொல்லி ஃபேமிலி க்ரூப்புல அஞ்சு பேரைப் போட்டு ஓட்டெடுப்பே நடத்திட்டாங்க. இவர் ஃப்ரெண்டு ஒருத்தர் நியூமராலஜி பார்க்கணும்ங்கிறார். எங்க ரெண்டு பேருக்கும் முகிலன்தான் இஷ்டம். பிரசவம் எங்கம்மா வீட்டுல, அங்க ஆஸ்பத்திரி ஃபார்ம்ல அவசரத்துல அதையே எழுதிட்டோம், சர்டிபிகேட்டும் வந்துடுச்சு, இன்னும் யார்கிட்டயும் சொல்லல. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில்ல வச்சு பேர் விடணும்னு மாமனார் சொல்லிட்டார், பேர் வெட்டுறதுக்கு வெள்ளிக் கிண்ணம் கூட வாங்கி வச்சிருக்கார். யார் மனசும் நோகாம எந்தப் பேரை வைக்கிறது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: ஏம்மா, பேர்தான் வச்சாச்சே, அப்புறம் என்கிட்ட என்ன கேக்குற? மாமனார் இப்படி, மதினி அப்படின்னு பத்தி பத்தியா எழுதிட்டு நடுவுல "சர்டிபிகேட்டும் வந்துடுச்சு"ன்னு ஒரு வார்த்தையில நழுவுற பாரு, உன் கடுதாசியில விஷயமே அதுதான். மத்ததெல்லாம் எனக்கு மாசம் தவறாம வர்ற கதை.

அவசரத்துல எழுதிட்டோம்ங்கிற. என்ன அவசரம்? பிறப்பை 21 நாளுக்குள்ள பதியணும், வாஸ்தவம். ஆனா பேர் இல்லாமலே பதியலாம், அந்தக் கட்டத்தை காலியா விட்டுட்டு ஒரு வருஷத்துக்குள்ள எப்ப வேணா போய் காசில்லாம பேரைச் சேர்த்துக்கலாம், அதுக்கும் மேல போனா லேட் ஃபீஸ் கட்டி 15 வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. வீட்டுல இன்னும் முடிவாகலன்னு சொன்னா அங்க யாரும் உன் கழுத்தைப் பிடிச்சிருக்க மாட்டாங்க. புகுந்த வீட்டு ஆளுங்க பக்கத்துல இல்லாத நேரமா பார்த்து ரெண்டு பேரும் பேசி வச்சு செஞ்ச வேலை இது, இதுக்கு அவசரம்னு பேர் வைக்காத.

செஞ்சதைக் கூட நான் குத்தம் சொல்லல. பெத்தவங்கதான் பிள்ளைக்குப் பேர் வைக்கணும்ங்கிறதுதான் என் கட்சியும், அதுல மாமனாருக்கு ஓட்டு கிடையாது, யோசனை சொல்ற உரிமை உண்டு, அவ்வளவுதான். ஆனா சர்டிபிகேட்டை பீரோவுல பூட்டி வச்சுட்டு வயசானவங்களை மாத்தி மாத்தி பேச விட்டு வேடிக்கை பார்க்குறது என்ன பழக்கம்? அத்தை அந்தச் சீட்டை பத்திரப்படுத்தி வச்சுக்கிட்டு இருக்காங்க. மாமனார் கிண்ணம் வாங்கி வச்சிருக்கார். மதினி ஓட்டெடுப்பு நடத்துனாங்களே, அதுல சதீஷ் ஓட்டு போட்டாரா இல்லையா? அதை நீ எழுதல. போட்டிருப்பார், போடலன்னா ஏன்னு கேப்பாங்கல்ல.

இன்னொண்ணு. யார்கிட்டயும் சொல்லலன்னு எழுதியிருக்க, உங்கம்மாகிட்டயுமா? பிரசவம் அவங்க வீட்டுல, ஃபார்ம் எழுதுனப்போ பக்கத்துல இருந்தது அவங்கதானே. நாளைக்கு விஷயம் வெளிய வரும்போது உன் மாமனார் ஏன் முகிலன்னு கேக்க மாட்டார், "சம்பந்தியம்மாவுக்கு தெரியுமா?"ன்னுதான் கேப்பார். தெரியும்னு பதில் வந்துச்சுன்னா பேர் பிரச்சனை போயி ரெண்டு குடும்பத்துப் பிரச்சனை ஆயிடும், அப்புறம் காது குத்துல தாய்மாமன் மடியில பிள்ளையை உக்கார வைக்கும்போது கூட அந்தப் பேச்சு வரும்.

அவருக்கு வைக்காத தாத்தா பேரை என் பிள்ளைக்கு ஏன்னு கேட்டிருக்க, கேள்வி நல்ல கேள்வி, ஆனா அதுக்குள்ள இருக்கிறதை நீ பார்க்கல. தாத்தா பேரை பேரனுக்கு விடுறதுதான் நம்ம வழக்கம், அந்தக் கணக்குல சுடலைமுத்து உன் வீட்டுக்காரருக்கு வந்திருக்க வேண்டிய பேர். அதை விட்டுட்டு அந்தக் கால ஃபேஷனுக்கு சதீஷ்னு வச்சது இதே மாமனார்தான். நீங்க இப்ப செஞ்சதை அவர் அன்னைக்கு செஞ்சார். அவங்கப்பா அதுக்கு வருத்தப்பட்டாரோ என்னவோ, அந்தக் குறையைத்தான் இவர் இப்ப பேரன் தலையில தீர்க்கப் பார்க்குறார்னு எனக்குத் தோணுது. பிடிவாதம்னு நீ நினைக்கிற இடத்துல அவருக்கு உறுத்தல் இருக்கலாம். அப்புறம், சுடலைமுத்து, இசக்கிமுத்து, மாடசாமின்னு பேர் வச்ச ஊர்ல பொறந்துட்டு அதைச் சொல்லவே கூச்சப்படுற கூட்டம் ஒண்ணு இருக்கு, நீ அதுல இல்லைன்னு நம்புறேன்.

இனிமே யார் மனசும் நோகாம எதுவும் நடக்காது. 2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பொறந்த பிள்ளைங்களுக்கு ஸ்கூல், பாஸ்போர்ட், லைசென்ஸ், வோட்டர் லிஸ்ட் எல்லாத்துக்கும் பிறந்த தேதி, ஊருக்கு ஆதாரம் இந்த பர்த் சர்டிபிகேட்தான். எழுத்துப் பிழைன்னா திருத்தலாம், முகிலனை அடிச்சுட்டு சுடலைமுத்து ஆக்குறது லேசுப்பட்ட காரியம் இல்ல. அதனால முகிலன்தான்.

சொல்ல வேண்டியது சதீஷ், நீ இல்ல. அவங்கப்பாகிட்ட அவர்தான் போகணும், நீ கூடப் போகாத, போன்லயும் வேண்டாம். கிண்ணம் கடைக்குப் போறதுக்கு முன்னாடி போகணும், வெட்டின பேரை அழிக்க முடியாது. சர்டிபிகேட்டை எடுத்து அவர் கையில குடுத்துட்டு, "எங்களுக்குப் பிடிச்ச பேர்ப்பா, பதிஞ்சுட்டோம், உங்ககிட்ட முன்னாடியே சொல்லாதது தப்பு"ன்னு சொல்லட்டும். ஆஸ்பத்திரியில கட்டாயப்படுத்துனாங்க, நர்ஸ் நிக்க வச்சே எழுதச் சொன்னாங்கன்னு கதை விடக் கூடாது. அவர் சத்தம் போடுவார், ரெண்டு நாள் சாப்பிடாம கூட இருப்பார், இருக்கட்டும். அவர் கோவம் தணிஞ்ச பிறகு, கோயில்ல பேர் விடும்போது பிள்ளை காதுல மூணு தடவை சுடலைமுத்துன்னு நீங்களே சொல்லுங்கப்பான்னு கேக்கட்டும். அதை முதல்லயே லஞ்சம் மாதிரி நீட்டாதீங்க. மாமனார் பேரை மருமக வாயால சொல்லக் கூடாதுன்னு இருந்த காலத்துல தாத்தா பேர் விட்ட பிள்ளையை வீட்டுல ராசா, தம்பின்னுதான் கூப்பிட்டாங்க, கோயிலுக்கு ஒரு பேர் வீட்டுக்கு ஒரு பேருங்கிறது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல.

அத்தைக்கு அர்ச்சனையில ரோகிணின்னு சொன்னா போதும், முதல் எழுத்தை அங்க யாரும் சரிபார்க்கப் போறதில்ல. (ரோகிணின்னதும் தாய்மாமனுக்கு ஆகாதுன்னு யாரும் ஆரம்பிக்கலையா? ஆரம்பிச்சா காதுலயே வாங்காத.) நியூமராலஜி நண்பருக்கு பதிலே சொல்ல வேண்டாம்.

மதினிக்கு நீ போன் போட்டு சொல்லு, க்ரூப்புல போட்டு விட்டுடாத. ஓட்டு போட்டவங்க ஒரு வாரம் முறைச்சுக்கிட்டு இருப்பாங்க, இருந்துட்டுப் போகட்டும்.