மதிப்பீடுகளை எழுதி வைத்தால் வேலைச் சூழல் மாறுமா?

நாற்பது பேர் வேலை பார்க்கும் உங்கள் நிறுவனத்துக்கு மதிப்பீடுகள், அதாவது எதை உயர்வாகக் கருதுகிறோம் என்ற கொள்கைகள், எழுதப் போவதாகவும், அதனால் ஏதாவது மாறுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாறும். ஆனால் அதற்காக நிர்வாகம் கொஞ்சம் நஷ்டத்தைத் தாங்கத் தயாராக இருக்க வேண்டும். கணக்கு மோசடியில் சிக்கி 2001 டிசம்பரில் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரானின் மதிப்பீடுகளிலும் நேர்மை, மரியாதை இரண்டும் இருந்தன.

எனக்குப் பிடித்த உதாரணம் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் இருந்த கார் தொழிற்சாலை. ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1982-இல் மூடியது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் அங்கே சாதாரணம். என்ன கோளாறு வந்தாலும் உற்பத்தி லைனை நிறுத்தக் கூடாது என்பதுதான் எழுதாத சட்டம். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 'நம்மி' என்ற பெயரில் அதைத் திரும்பத் திறந்தன. வேலைக்கு எடுத்ததில் பெரும்பாலானவர்கள் அதே பழைய தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். கொஞ்ச காலத்திலேயே டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகளுக்கு நிகரான தரத்தில் கார்கள் வெளியே வந்தன.

அங்கே யார் வேண்டுமானாலும் இழுக்கக்கூடிய கயிறு ஒன்று இருந்தது. இழுத்தால் குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் கோளாறு தீரவில்லை என்றால் லைன் நின்றுவிடும். லைன் நின்றால் பணம் போகும் என்று தெரிந்தேதான் அந்த அதிகாரத்தைத் தொழிலாளியிடம் கொடுத்தார்கள். அப்புறம் 1980-களின் பிற்பகுதியில் கார் விற்பனை சரிந்தபோது யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை; பயிற்சியிலும் பராமரிப்பு வேலைகளிலும் ஈடுபடுத்தினார்கள். பரஸ்பர நம்பிக்கை என்று நிர்வாகம் சொல்லிவந்ததைத் தொழிலாளர்கள் முழுசாக நம்பியது அப்போதுதான் என்பது என் எண்ணம்.

நான் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் தரப் பிரிவில் இருக்கிறேன். குறையுள்ள பாகத்தைப் பார்த்தும் வாய் திறக்காமல் அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறவரைச் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. முன்பு குறையைச் சொன்ன ஒருவர் எல்லார் முன்னாலும் எப்படி வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பதை அவர் பார்த்திருப்பார். "யார் பண்ணினது?" என்று கேட்கும் சூப்பர்வைசருக்குப் பெயர் கிடைக்கும். "எப்படி ஆச்சு?" என்று கேட்பவருக்குத்தான் காரணம் கிடைக்கும்.

எனவே பத்து மதிப்பீடுகள் வேண்டாம், இரண்டு போதும். ஒவ்வொன்றின் கீழும், அதற்காக எந்த நஷ்டத்தை ஏற்பீர்கள் என்று எழுதுங்கள். "தரமே முக்கியம்" என்றால், டெலிவரி ஒரு நாள் தள்ளிப்போனாலும் சரக்கை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? அந்த ஆள் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கலாமா? இதை ஊழியர்களோடு உட்கார்ந்தே முடிவு செய்யுங்கள். பதவி உயர்வு கொடுக்கும்போதும் அதே அளவுகோல் வேண்டும். டார்கெட்டை முடித்துவிடுகிறார் என்பதற்காகக் கீழே இருப்பவர்களை ஏசுகிறவரை மேலே ஏற்றினால், மற்றவர்கள் அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள்.