மெயில் பெட்டி நிரம்பி வழிகிறது. எப்படி ஒழுங்குபடுத்தி, பழையதைப் பத்திரப்படுத்துவது?

கேள்வி கேட்டவரின் ஜிமெயிலில் 20,000 மெயிலுக்கு மேல் கிடக்கிறது, இடம் தீரப்போகிறது என்ற எச்சரிக்கையும் வருகிறதாம். இவை இரண்டும் வேறு வேறு தொல்லைகள். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு வேலை செய்யாது.

முதலில் குவியல். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வீடு, பணம், பயணம், வேலை என்று முப்பது ஃபோல்டருக்கு மேல் போட்டுப் பிரித்தவன்தான். வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பித்த மெயில் வந்தது. அது வீடா, பணமா? பணத்தில் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து வீட்டில் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் தேடல் பெட்டியில் பாலிசி எண்ணைத் தட்டியதும் வந்து நின்றது. அத்தோடு ஃபோல்டர் ஆசை போயிற்று.

இப்போது நான் சொல்வது இதுதான்: பழையதைப் பிரிக்காதீர்கள், படிக்கவும் படிக்காதீர்கள். தேடல் பெட்டியில் 'பிஃபோர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் சாய்கோடு போட்டு ஒரு தேதி கொடுங்கள். மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி போதும். மேலே உள்ள கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் உள்ளவை மட்டுமே தேர்வாகும். உடனே மேலே ஒரு வரி தோன்றும், தேடலில் அகப்பட்ட எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கவா என்று. பலர் கவனிக்காமல் விடுவது அந்த வரியைத்தான். அதை அழுத்தி, ஆர்கைவ் கொடுத்தால் முடிந்தது. எதுவும் அழியாது, இன்பாக்ஸை விட்டு நகர்ந்து 'ஆல் மெயில்' பகுதியில் இருக்கும். யாராவது அதற்குப் பதில் எழுதினால் தானாகவே இன்பாக்ஸுக்குத் திரும்பி வரும்.

சரி, இடம்? ஆர்கைவ் செய்ததால் ஒரு எம்பி கூட மிச்சமாகாது. இலவசக் கணக்கின் 15 ஜிபி மெயிலுக்கு மட்டுமல்ல, டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். மெயிலில் இடத்தை அடைப்பவை பெரும்பாலும் அவற்றோடு வரும் இணைப்புக் கோப்புகள். தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள அடையாளத்தை அழுத்தினால் அளவு கேட்கும் கட்டம் வரும். 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்துத் தேடுங்கள். வேண்டிய கோப்புகளை இறக்கிக்கொண்டு மெயிலை அழித்துவிடலாம். அழித்தது குப்பையில் 30 நாள் கிடக்கும், அதுவரை இடமும் காலியாகாது. அவசரமென்றால் குப்பையையும் காலி செய்யுங்கள். ஆனால் நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஒரே நிறுவனத்தின் விளம்பரங்களை மொத்தமாக அழித்தபோது எனக்கு வேண்டிய ரசீதும் கூடவே போயிற்று; மறுநாள் குப்பையிலிருந்துதான் மீட்டேன்.

அப்புறம் இந்த விளம்பரக் கடிதங்கள். அழித்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை, சந்தாவை ரத்து செய்யுங்கள். வந்த ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் செலவழித்தாலே ஒரு மாதத்தில் வரத்து நன்றாகக் குறைந்துவிடும்.

பல வருட மெயிலை மொத்தமாகக் கணினிக்குக் கொண்டுவர நினைத்தால் கூகுளின் டேக்அவுட் (நம் தரவை இறக்கித் தரும் சேவை) வழியாக எம்பாக்ஸ் கோப்பாக, அதாவது மெயில்கள் மொத்தமாக அடங்கிய கோப்பாக, வாங்கலாம். தண்டர்பேர்ட் போன்ற மெயில் மென்பொருளில் ஏற்றிப் படிக்கலாம். கணக்கை ஐமேப் முறையில் (சர்வரில் உள்ள மெயிலையே கணினியிலும் காட்டும் முறை) கணினியில் இணைத்திருப்பதையே நகல் என்று நம்பிவிடாதீர்கள். கணினியில் அழித்தால் சர்வரிலும் போய்விடும். எம்பாக்ஸ் கோப்பைத் திறந்து, பழைய மெயில் நாலைந்தை இணைப்போடு பார்த்த பிறகே ஜிமெயிலில் அழியுங்கள்.