மீட்டிங் நடுவில் அறுந்துபோகும் இணைப்பு

கேள்வி: கிராமத்து வீட்டிலிருந்து சென்னை நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன். ஃபைபர் இணைப்புதான், ஆனாலும் அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் அடிக்கடி அறுந்துபோகிறது. கரண்ட் போனால் எல்லாமே போச்சு. வேலைக்கே ஆபத்தாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, தென்காசி

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, சகோதரி. நானும் பட்ட அவதிதான். முதலில் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். 'லாஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் லைனில் கோளாறு, புகார்தான் கொடுக்க வேண்டும். எரியாவிட்டால் வைஃபையைச் சந்தேகப்படுங்கள். என் வீட்டில் ரவுட்டர் கூடத்தில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. நான் உள் அறையில். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். 15 மீட்டர் லேன் கேபிள் வாங்கி, நிலைப்படி ஓரமாக ஆணியடித்து இழுத்து, லேப்டாப்பில் செருகினேன். விபிஎன் அறுவது அன்றோடு நின்றது.

கரண்டுக்கு ரவுட்டர் மினி யுபிஎஸ் போதும்; கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட வைக்கும் சின்ன பேட்டரிப் பெட்டி அது. ரவுட்டரின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் பார்த்து வாங்குங்கள். அப்புறம், போனில் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று இருக்கட்டும், ஹாட்ஸ்பாட்டுக்கு. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று செய்தித்தாளில் உங்கள் ஊர்ப் பெயர் வந்தால், முந்தைய நாளே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள்.