கார் எஞ்சின்ல "வீய்ய்ங்"னு சத்தம் வருது, எதனால?

ஆக்சிலேட்டர மிதிக்க மிதிக்க ஒரே இழுப்பா கூடிட்டே போற சத்தம் இது, பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளிய பெல்ட்டுல சுத்துற சாமான்கள்ல இருந்துதான் வரும். வண்டிய நிப்பாட்டி, எஞ்சின் ஓடும்போதே ஸ்டியரிங்க திருப்பிப் பாருங்க, அப்ப சத்தம் ஏறுனா பவர் ஸ்டியரிங் ஆயில் கொறஞ்சிருக்கலாம், நம்ம மேலூர் பக்கம் கிணத்துல தண்ணி வத்தினதும் மோட்டார் காத்த இழுத்துக்கிட்டு கத்துமே அதே கததான், பம்ப்புக்குள்ள ஆயிலோட காத்தும் போகுது (எலக்ட்ரிக் ஸ்டியரிங்னா இத விட்ருங்க, அதுல ஆயிலே கிடையாது). ஹெட்லைட் போட்டதும் சத்தம் மாறுனா ஆல்டர்னேட்டர் (கரண்ட் எடுத்து பேட்டரிய சார்ஜ் பண்ற சாமான்) பேரிங்க பாக்கச் சொல்லுங்க. வண்டி நகரும்போது மட்டும் வந்தா கியர்பாக்ஸ் இல்லன்னா வீல் பேரிங்கா இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பெல்ட் பக்கம் கைய மட்டும் கொண்டு போயிராதீங்க. எஞ்சின் ஆயில் மாத்துனா சரியாயிரும்னு நெறைய பேரு நினைக்கிறாங்க, அந்த ஆயில் ஆல்டர்னேட்டருக்கோ ஸ்டியரிங் பம்ப்புக்கோ போறதே இல்லைங்க.